ஆக்டினிக்: ஒரு சொல்லின் வரலாறும் பவளத்தொட்டியின் ஒளியும்

பவளங்களைத் தொட்டியில் வளர்க்க முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'ஆக்டினிக்'. அது விளக்குப் பெட்டிகளின்மேல் அச்சிடப்பட்டிருக்கும், விற்பனையாளர் பேச்சில் அடிக்கடி வரும், இன்றைய எல்.இ.டி. விளக்குகளை இயக்கும் கைப்பேசிச் செயலிகளில் ஒரு பொத்தானின் பெயராகவும் நிற்கும். அதன் பொருள் என்னவென்று கேட்டால், பெரும்பாலும் 'நீல விளக்கு' என்ற விடையே கிடைக்கும். அவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதை மட்டும் நம்பி விளக்கைத் தேர்ந்தெடுத்தால், தொட்டி கண்ணைப் பறிக்கும் அழகுடன் ஒளிர, அதனுள் இருக்கும் பவளம் மெல்ல மெல்லப் பட்டினியால் மெலியக்கூடும்.

இச்சொல் பிறந்தபோது எந்த நிறத்தையும் குறிக்கவில்லை. கதிரானது ஒரு பொருளில் நிகழ்த்தும் மாற்றத்தையே அது குறித்தது. தமிழ் இலக்கணத்தின் மொழியில் சொன்னால், அது செயப்படுபொருள் குன்றா வினை போன்ற சொல். 'எதனை மாற்றுகிறது?' என்ற வினாவுக்கு விடை இல்லாமல் அதன் பொருள் நிறைவடையாது. இருநூறு ஆண்டுகளில் அச்சொல் தன் செயப்படுபொருளை இழந்து வெறும் நிறப்பெயராகச் சுருங்கியது எவ்வாறு என்பதையும், அந்த இழப்பு உயிர்களுக்கு ஒளி தேர்ந்தெடுப்போரை எங்கெல்லாம் இடறவைத்தது என்பதையும் இப்பதிவில் பார்ப்போம்.

1. ஒரு வேர், இரு கிளைகள்

கிரேக்க மொழியில் 'அக்டிஸ்' என்றால் கதிர். அதன் வேற்றுமை வடிவம் 'அக்டினோஸ்'. அறிவியல் மொழியில் இவ்வேரிலிருந்து முதலில் கிளைத்தது ஒரு விலங்கின் பெயர். வாயைச் சுற்றிக் கதிர்களைப் போல் உணர்கொம்புகளை விரிக்கும் கடற்சாமந்திக்கு 1767இல் லின்னேயஸ் 'ஆக்டினியா' என்று பேரினப் பெயர் சூட்டினார். கடற்சாமந்திகளின் வரிசை இன்றும் 'ஆக்டினியேரியா' என்றே வழங்குகிறது. கல்போன்ற கூடு கட்டும் பவளங்களின் வரிசைப் பெயரான 'ஸ்க்ளெராக்டினியா'வுக்குள்ளும் அதே வேர் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விலங்குகள் ஆங்கிலேயரின் வீடுகளுக்குள் நுழைந்தன. 1846இல் ஆனா தைன் என்னும் பெண்மணி டார்க்கே கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கலங்களில் நெடுநாள் வாழவைத்தார். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். பின்னர் 1858க்கும் 1860க்கும் இடையில் பிரித்தானியக் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றி அவர் வெளியிட்ட நூலுக்கு 'ஆக்டினோலோஜியா பிரித்தானிக்கா' என்று பெயர். அங்கே 'ஆக்டினோ' என்பது முழுக்க முழுக்க விலங்கைக் குறித்த சொல். அதே வேர் ஒருநாள் அவ்விலங்கின் தலைக்குமேல் தொங்கும் விளக்கின் பெயராகவும் வந்து சேரும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

2. கதிருக்குப் பெயர் தேடியோர்

இரண்டாவது கிளை இயற்பியலில் முளைத்தது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்பு விளிம்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத பகுதியிலும் வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அடுத்த ஆண்டு யோகான் ரிட்டர், ஊதா விளிம்புக்கு அப்பால் வெள்ளி குளோரைடு விரைந்து கருப்பதைக் கண்டார். ஆக, ஒரே சூரிய ஒளி மூன்று விதமாக வெளிப்பட்டது: சுடுவது, தெரிவது, வேதிமாற்றம் செய்வது. இவை மூன்று தனித்தனிப் பொருள்களா, ஒன்றின் மூன்று முகங்களா என்ற வினா பல பத்தாண்டுகள் நீடித்தது.

வில்லியமின் மகன் ஜான் ஹெர்ஷல் 1825இல் வடிவமைத்த கருவிக்கு 'ஆக்டினோமீட்டர்' என்று பெயர். அது அளந்தது சூரியக் கதிரின் வெப்ப ஆற்றலை. இன்றைய வேதியியல் ஆய்வகத்தில் ஆக்டினோமீட்டர் என்றால், வேதிமாற்றத்தின் வழியாக ஒளியின் அளவைக் கணிக்கும் முறை நினைவுக்கு வரும். ஒரே சொல்; செயப்படுபொருள் மட்டும் மாறிவிட்டது.

ஒளிப்படக்கலை 1839இல் பொதுவெளிக்கு வந்ததும் வேதிமாற்றம் செய்யும் கதிருக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. நியூயார்க்கில் பணியாற்றிய ஜான் வில்லியம் டிரேப்பர் அதற்கு 'டித்தோனிக் கதிர்கள்' என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் வைகறைத் தேவதையின் காதலன் டித்தோனஸ். இறவாமையைப் பெற்றும் இளமையைப் பெறாமல் தேய்ந்து சுருங்கியவன். அவர் சூட்டிய பெயருக்கும் ஏறத்தாழ அக்கதியே நேர்ந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ஹண்ட் கையாண்ட 'ஆக்டினிசம்' என்ற சொல்லே நிலைத்தது. ஒளிப்படத் தகட்டை மாற்றும் ஆற்றல் ஆக்டினிசம். மாற்றாத ஒளி ஆக்டினிக் அல்லாத ஒளி. இருட்டறையின் செவ்வொளிக்குக் கலைஞர் இட்ட பெயர் இப்பகுப்பிலிருந்து வந்ததே.

3. கியூவின் பச்சைக் கண்ணாடியும் பிலடெல்பியாவின் நீலக் கண்ணாடியும்

ஹண்ட் ஒளிப்படத்தோடு நிற்கவில்லை. வண்ணக் கண்ணாடிகளின் கீழ்ச் செடிகளை வளர்த்துப் பார்த்த அவர், மூன்று ஆற்றல்களுக்கும் மூன்று பணிகளைப் பகிர்ந்தளித்தார். விதை முளைப்பதற்கு ஆக்டினிசம், உடல் வளர்வதற்கு ஒளி, பூப்பதற்கும் காய்ப்பதற்கும் வெப்பம் என்பது அவரது கொள்கை. அக்காலத்தில் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பனைவீடு எழுந்துகொண்டிருந்தது. 1844இல் தொடங்கி 1848இல் முடிந்த இரும்பும் கண்ணாடியுமான பெருமாளிகை அது. வெப்பமண்டலத் தாவரங்களின் இலைகள் கருகாதிருக்க எவ்வகைக் கண்ணாடி வேண்டும் என்று ஹண்டிடம் கேட்டனர். பல மாதிரிகளைச் சோதித்த அவர், செப்பு ஆக்சைடு கலந்த இளம்பச்சைக் கண்ணாடியைப் பரிந்துரைத்தார். இலையைக் கருக்குவது சிவப்பு விளிம்பில் உள்ள வெப்பக் கதிர். அதை மட்டும் தடுத்து மற்றவற்றை உள்ளே விட்டால் போதும் என்பது அவர் கணக்கு. பல பத்தாண்டுகள் அக்கண்ணாடி அங்கே இருந்தது. பின்னர்க் கைவிடப்பட்டுத் தெளிந்த கண்ணாடி பொருத்தப்பட்டது.

ஹண்டின் முறையில் பாராட்டத்தக்க ஒன்று உண்டு: எந்தக் கதிர் எதைச் செய்கிறது என்று அவர் கேட்டார். குறை, அவரிடம் இருந்த அளவுகோலில் இருந்தது. வேதிமாற்றத்தின் அளவை அவருக்குக் காட்டியது வெள்ளி உப்பு. அவர் அறிய விரும்பியதோ இலையைப் பற்றி. வெள்ளி உப்புக்கு ஆக்டினிக் ஆன கதிரே விதைக்கும் ஆக்டினிக் ஆக இருக்கும் என்ற எடுகோள் அங்கே சத்தமின்றி நுழைந்துவிட்டது. சிவப்பு விளிம்பு சுடுவதற்கு மட்டுமே உரியது என்றும் ஆகிவிட்டது. இலையின் ஒளிச்சேர்க்கை சிவப்பையும் வலுவாகப் பயன்படுத்துகிறது என்பதை அந்த முப்பகுப்பு மறைத்தது.

அதன் வணிகப் பதிப்பைப் போன்றது அமெரிக்காவில் எழுந்த நீலக் கண்ணாடி மோகம். பிலடெல்பியாவைச் சேர்ந்த அகஸ்டஸ் பிளசன்டன், தம் திராட்சைக் கொட்டகையின் கண்ணாடி வரிசைகளுக்கு இடையிடையே நீலக் கண்ணாடியைப் பொருத்தினார். கொடிகள் வியக்கத்தக்க வகையில் செழித்ததாக அறிவித்தார். பன்றிகளும் அவ்வொளியில் விரைந்து கொழுத்ததாகச் சொன்னார். 1876இல் அவர் வெளியிட்ட நூல் நீலத் தாளில் நீல மையால் அச்சிடப்பட்டது. மக்கள் சன்னல்களில் நீலக் கண்ணாடி பதித்து நோய் தீரும் என்று அதன் அடியில் அமர்ந்தனர். வெள்ளொளியின் முன் நீலக் கண்ணாடியை வைத்தால் நீலம் கூடுவதில்லை, மற்ற நிறங்கள் குறைகின்றன என்ற எளிய உண்மையை எடுத்துக்காட்டி 1877இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் அம்மோகத்தை மறுத்தது.

4. எதற்கு ஆக்டினிக்?

விடை இரு திசைகளிலிருந்து வந்தது. 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், ஒளிப்படத் தகட்டில் உரிய சாயத்தைச் சேர்த்தால், அதுவரை தகட்டைத் தீண்டாதிருந்த பச்சை ஒளியும் அதில் பதியும் என்று கண்டறிந்தார். ஆக்டினிக் என்பது ஒளியிலேயே உறையும் பண்பு என்ற எண்ணம் இத்துடன் தளர்ந்தது. ஏற்கும் நிறமி எதுவோ, அதற்கேற்பவே ஒளி வினைபுரிகிறது.

1882இல் தியோடர் எங்கல்மன் அதே உண்மையை உயிரில் காட்டினார். பாசி இழை ஒன்றின்மீது நுண்ணோக்கியின் அடியில் ஒரு சிறு நிறமாலையை விழச்செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்களை நீரில் விட்டார். அவை சிவப்புப் பகுதியிலும் நீலப் பகுதியிலும் கூட்டமாகத் திரண்டன. அங்கேதான் பாசி மிகுதியாக ஆக்சிஜனை வெளியிட்டது. பச்சையம் தன் வேலைக்கு எந்தக் கதிரைக் கொள்கிறது என்பதைப் பச்சையமே சொன்ன ஆய்வு அது. வெள்ளி உப்பை அளவுகோலாக்கி இலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் காலம் அறிவியலில் முடிவுக்கு வந்தது.

ஆனால் சொல் மறையவில்லை, தொழில்களுக்குள் புகுந்துகொண்டது. மருத்துவத்தில், சூரியனின் புறஊதாக் கதிரால் தோலில் தோன்றும் தடிப்பை இன்றும் 'ஆக்டினிக் கெரட்டோசிஸ்' என்கிறோம். பூச்சிப்பொறிகளில் 365 நானோமீட்டர் அளவில் உச்சம் கொண்ட ஆக்டினிக் குழல்விளக்குகள் உண்டு. பொறியியல் வரைபடங்களின் நகலெடுப்பில், இந்திய அலுவலகங்களில் 'அம்மோனியா பிரிண்ட்' என்று அறியப்பட்ட டியாசோ முறையில், அந்தத் தாளின் வேதிப்பூச்சுக்கு ஏற்ற ஆக்டினிக் குழல்கள் பயன்பட்டன. பிலிப்ஸ் நிறுவனத்தின் 03 என்ற குறியெண் கொண்ட குழல் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் உச்சம் 420 நானோமீட்டர். தோலுக்கு ஒன்று, பூச்சியின் கண்ணுக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று என ஒவ்வொரு தொழிலிலும் சொல்லுக்குச் செயப்படுபொருள் இருந்தது. ஆனால் அதை எவரும் பெட்டியின்மேல் எழுதவில்லை.

5. பவளத்தின் தலைமேல்

பவளத்தொட்டிக் கலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறைகளும் இயற்கைக் கடல்நீரும் கொண்டு கடல்வாழ் உயிர்களை வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியில் உருவான 'பெர்லின் முறை', உயிர்ப்பாறையோடு புரதநுரைப்பியையும் வலிய மெட்டல் ஹாலைடு விளக்கையும் சேர்த்தது. அந்த விளக்கின் மஞ்சள் கலந்த வெண்மையை ஈடுசெய்ய நீலம் தேடியவர்களின் கையில் கிடைத்தவற்றுள் 03 குழலும் ஒன்று. தாளுக்காகச் செய்யப்பட்ட விளக்கு பவளத்தின்மேல் ஏறியது இவ்வாறுதான்.

அது அங்கே நிலைத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது கடல். நீர் சிவப்பொளியை மேல்மட்டத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. ஆழம் செல்வது நீலம். 1921இல் நர்குண்டா கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்ற ராலே பிரபுவின் கருத்தை ஒரு நிகோல் பட்டகத்தின் துணையால் சோதித்த சி.வி. ராமன், நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். சிதறலும் உறிஞ்சலும் சேர்ந்து உண்டாக்கும் அந்த நீலச் சூழலில்தான் ஆழமான பவளங்கள் வாழ்கின்றன.

இரண்டாவது, பவளத் திசுக்களுக்குள் குடியிருந்து அவற்றுக்கு உணவூட்டும் ஸூக்ஸாந்தெல்லே பாசிகள். அவற்றின் பச்சையம் 'ஏ' 430 முதல் 440 நானோமீட்டர் அளவிலும், பச்சையம் 'சி' 450ஐ ஒட்டியும், பெரிடினின் என்னும் நிறமி ஏறத்தாழ 470 முதல் 550 வரையிலும் ஒளியைக் கொள்கின்றன. 1968இல் பெர் ஹால்டல், ஃபேவியா பவளத்தின் பாசிகளில் ஒளிச்சேர்க்கையின் வினை நிறமாலையை அளந்து வெளியிட்டார். எங்கல்மன் பாசி இழையிடம் கேட்ட கேள்வியைப் பவளத்திடம் கேட்ட ஆய்வு என்று அதைச் சொல்லலாம். இந்த நிறமிகளோடு ஒப்பிட்டால், 420இல் உச்சம் கொண்ட குழல் பச்சையம் 'ஏ'வின் உச்சிக்குச் சற்று முன்னே நிற்கிறது. பெரிடினினின் பரந்த பகுதியை அது ஏறக்குறைய எட்டவே இல்லை. அது பயனுள்ள துணை. தனித்து நின்று பவளத்துக்கு உணவு தரும் விளக்கன்று.

மூன்றாவது காரணம் அழகு. பல பவளங்களின் திசுக்களில் உள்ள புரதங்கள் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாகவும் செம்மையாகவும் வெளியிடுகின்றன. வெண்ணொளியில் இந்த உடனொளிர்தல் கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கிவிடும். நீலம் மட்டும் எரியும்போது தீப்பிழம்பாய்த் தெரியும். 1999இல் ரஷ்ய ஆய்வாளர்கள் மீன்தொட்டிப் பவள இனங்களிலிருந்து இத்தகைய புரதங்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் டிஸ்கோசோமா தந்த செந்நிறப் புரதம் இன்று உயிரணு ஆய்வகங்களின் அன்றாடக் கருவி. அறிவியலுக்கு அது பெரும் பேறு. தொட்டி வளர்ப்போருக்கோ ஒரு மயக்கம்: பளபளக்கும் பவளம் நலமான பவளம் என்று கண் நம்பிவிடுகிறது. அப்பளபளப்பு பவளத்தின் புரதம் பேசுவது. பாசியின் பசி அதில் தெரியாது.

6. கண் சொல்லும் பொய்

நீல எல்.இ.டி. மலிவான பிறகு இம்மயக்கம் பெருகியது. 1990களில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவாகி, அதற்காக 2014இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. இன்று ஆக்டினிக் என்ற பெயரில் 400இலிருந்து 470 வரை எந்தச் சில்லும் விற்கப்படலாம். ஊதா, ராயல் ப்ளூ, வெறும் நீலம் எல்லாம் ஒரே பொத்தானின் அடியில் அடங்குகின்றன. சொல் முற்றிலும் நிறப்பெயராகிவிட்டது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணை நம்ப முடியாததற்கு அளவு சார்ந்த சான்றும் உண்டு. பகலொளிப் பார்வையில் மனிதக் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டரில் 1 என்றால், 450இல் ஏறத்தாழ 0.038, 420இல் வெறும் 0.004. அதாவது, ஒரே ஆற்றலில் எரிந்தாலும் 420இன் ஒளி நமக்குப் பச்சையின் 250இல் ஒரு பங்காகவே தெரியும். லக்ஸ் மீட்டரும் இதே கண்ணின் அளவுகோலைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே மங்கலாகத் தெரியும் நீல விளக்கு பவளத்தை வெளிறச்செய்யும் அளவுக்கு வலிமையுடன் எரிந்துகொண்டிருக்கலாம். கண்ணுக்குப் போதும் என்று தோன்றும் வெண்விளக்கு உரிய அளவை எட்டாமலும் இருக்கலாம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களைச் சமமாக எண்ணும் 'பார்' மீட்டர் இதனால்தான் தேவைப்படுகிறது. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 மைக்ரோமோல், கிளைபரப்பும் கல்பவளங்களுக்கு 200 முதல் 350 என்பன வளர்ப்போரிடையே வழங்கும் பொது அளவுகள். வெப்பமண்டலக் கடற்பரப்பில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 2000 என்பதை நினைத்தால் இந்த எண்களின் தன்மை விளங்கும்.

எனவே தேர்வின் வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் தொட்டியில் வாழப்போகும் உயிர் எது, அது எந்த ஆழத்துக்குரியது என்று அறிய வேண்டும். அடுத்து அதன் பாசிகளின் நிறமிகள் கொள்ளும் பரப்பு முழுவதையும் விளக்கின் நிறமாலை தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, அந்த உயிர் இருக்கும் இடத்தில் ஒளியின் அளவை அளக்க வேண்டும். கண்ணுக்கு இனிய நீலத்தைக் கூட்டுவது கடைசியில்.

இந்தியாவில் இதற்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலோ அந்தமானிலோ ஒரு துண்டை உடைத்தெடுப்பதும் குற்றம். நமது ஆய்வுத் தொட்டிகளுக்கும் காட்சியகங்களுக்கும் உரிய அனுமதியோடு வரும் ஒவ்வோர் உயிரும் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாதது. ஒரு சொல்லின் மயக்கத்துக்காக அதை இழப்பது ஏற்கத்தக்கதன்று.

கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆக்டினிக் என்பதைத் தமிழில் 'நீலக்கதிர்' என்று பெயர்த்தால், வணிகம் செய்த சுருக்கத்தை நாமும் உறுதிப்படுத்தியவர்கள் ஆவோம். 'வினைக்கதிர்' என்று ஆக்கலாம் என்பது என் கருத்து. வினை என்ற நம் சொல் செயலையும் குறிக்கும், வேதிமாற்றத்தையும் குறிக்கும், இலக்கணத்தில் வினைச்சொல்லையும் குறிக்கும். வினை என்று கேட்டதுமே 'எதனை?' என்று வினவும் பழக்கம் இலக்கணம் கற்ற நமக்கு உண்டு. ஹண்டுக்கும் பிளசன்டனுக்கும் உதவியிருக்கக்கூடியதும், இன்று விளக்குப் பெட்டியைக் கையில் எடுப்பவருக்கு உதவக்கூடியதும் அந்த ஒரு வினாவே. இதனினும் பொருத்தமான சொல் தோன்றுவோர் கருத்துப் பகுதியில் எழுதுக. குறிப்பாகக் கடலுயிரியல் பயிற்றுவிப்போர் வகுப்பறையில் எச்சொல்லைக் கையாள்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.